கால்நடை மருத்துவ உரிமத் தேர்வுக்கு வினா எழுதப் போகிறீர்களா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ உரிமம் பெற்றுப் பணியாற்றும் தமிழ்க் கால்நடை மருத்துவர்களுக்காக எழுதியது இது. நாவ்லி (NAVLE) என்ற வட அமெரிக்கக் கால்நடை மருத்துவ உரிமத் தேர்வைத் தாண்டி வந்திருப்பீர்கள். இந்தியப் பட்டத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர் என்றால் கூடவே வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இசிஎஃப்விஜி (ECFVG) அல்லது பேவ் (PAVE) வழியையும் கடந்திருப்பீர்கள். அந்தத் தேர்வில் வந்த ஒவ்வொரு கேள்வியையும் எழுதியதும், வெட்டியதும், திருத்தியதும் உங்களைப் போன்ற மருத்துவர்கள்தான். இந்தியாவில் பட்டம் முடித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தால் தொழில் நடத்தலாம், தனி உரிமத் தேர்வு கிடையாது. அதனால் இப்படி ஒரு வேலை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்து சேர்பவர்களும் முதல் ஆண்டில் வழக்கமான இடங்களிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

1. எந்த வேலைக்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்துங்கள்

நாவ்லியை நடத்துவது ஐசிவிஏ (ICVA) என்ற சர்வதேசக் கால்நடை மருத்துவ மதிப்பீட்டுக் கவுன்சில். வினா உருவாக்கும் தொழில்நுட்ப வேலையில் அதற்குத் துணை நிற்பது என்பிஎம்இ (NBME). அமெரிக்காவில் மனித மருத்துவர்களின் உரிமத் தேர்வுகளைக் கையாளும் அதே அமைப்பு. கால்நடைத் தொழில்நுட்பர்களுக்கான விடிஎன்இ (VTNE) தேர்வு, உரிமம் வழங்கும் வாரியங்களின் சங்கமான ஏஏவிஎஸ்பியிடம் (AAVSB) இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

"நிபுணர்" என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல வேலைகள் உண்டு. புதிதாக வினா எழுதுவது ஒன்று. பிறர் எழுதியதைக் கூட்டத்தில் உட்கார்ந்து அலசுவது இன்னொன்று. தேர்வுத் தாள் தொகுக்கப்பட்டபின் முழுத்தாளையும் ஒரு முறை பார்ப்பது, தேர்ச்சி மதிப்பெண்ணைப் பரிந்துரைப்பது, களத்தில் மருத்துவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்ற தொழில் ஆய்வுக்குப் பதில் சொல்வது ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு மாலை நேரம் போதும். வினா எழுதுவதற்குப் பல வார இறுதிகள் போகும். நேரம் குறைவாக இருப்பவர் மறுஆய்விலோ தேர்ச்சி மதிப்பெண் குழுவிலோ தொடங்குவது நல்லது. மற்றவர்கள் எழுதிய நூறு வினாக்களைப் படித்தபின் எழுத உட்கார்ந்தால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

2. தகுதியும் தடையும்

நடப்பில் உள்ள உரிமமும், அன்றாடம் கேஸ் பார்க்கும் அனுபவமும் வேண்டும். சிறப்புப் பட்டம் கட்டாயம் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தேர்வு சோதிப்பது பணியில் சேரும் புது மருத்துவரை. பொது மருத்துவம் பார்ப்பவரின் கண் அதற்கு அவசியம். நாய், பூனைக்கு ஆள் கிடைப்பது எளிது. பன்றி, கோழி, கறவை மாடு, குதிரை பார்ப்பவர்கள் குறைவு. அந்த அனுபவம் இருந்தால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தடைகளில் முக்கியமானது பயிற்சி வகுப்பு. நாவ்லி எழுதுவோருக்குப் பணம் வாங்கியோ வாங்காமலோ பயிற்சி கொடுக்கிறீர்கள், வினா வங்கிக்கு எழுதுகிறீர்கள், யூடியூபில் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். ஊரிலிருந்து வரும் ஜூனியர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் "இது முக்கியம், அது வரும்" என்று சொல்லித் தரும் பழக்கம் நம்மவர்களிடம் சாதாரணம். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அதை நிறுத்திவிட வேண்டும். நெருங்கிய உறவினர் யாராவது இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறார் என்றால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு காத்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பிறகு தெரியவந்தால் உங்கள் பெயர் மட்டுமல்ல, நீங்கள் தொட்ட வினாக்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

3. காகிதங்களைத் தயாராக வையுங்கள்

விண்ணப்பிக்கும்போது வேண்டியவை: இரண்டு பக்கத் தன்விவரம், உரிம எண்ணும் அது காலாவதியாகும் தேதியும், எந்த விலங்கினத்தில் எத்தனை சதவீதக் கேஸ் பார்க்கிறீர்கள் என்ற கணக்கு. இந்தக் கணக்கைத் தோராயமாக எழுதிவிடாதீர்கள். நாய் 60, பூனை 35, முயல் வகையறா 5 என்று கிளினிக் மென்பொருளிலிருந்தே எடுத்துப் போடுங்கள். வினா ஒதுக்குவது இதை வைத்துத்தான்.

தேர்வான பிறகு கையெழுத்திட வருபவை மூன்று: ரகசியக் காப்பு ஒப்பந்தம், நல முரண் அறிவிப்பு, பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம். மூன்றாவதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த வினா அதன்பின் உங்களுடையதல்ல. கல்லூரியில் பாடம் எடுப்பவர் அதே கேஸை அதே எண்களோடு வகுப்புத் தேர்வில் போட்டால் அது ஒப்பந்த மீறல். நிராகரிக்கப்பட்ட வினாவுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் முதலாளியின் அனுமதியை மின்னஞ்சலில் வாங்கி வைக்க வேண்டும். பல வேலை ஒப்பந்தங்களில் வெளிவேலைக்குத் தடை விதிக்கும் பிரிவு இருக்கும்.

4. பணமும் விசாவும்

இதில் யாரும் பணக்காரர் ஆவதில்லை. நேரில் கூட்டம் என்றால் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை நடத்தும் அமைப்பு ஏற்பது பொதுவான வழக்கம். மதிப்பூதியம் உண்டா, எவ்வளவு, எப்போது என்பதை அழைப்புக் கடிதத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிளினிக்கில் இல்லாத நாட்களின் இழப்பும் பதிலாள் மருத்துவருக்குக் கொடுக்கும் தொகையும் உங்கள் பையிலிருந்து போகும். சொந்த கிளினிக் வைத்திருப்பவருக்கு உண்மையான செலவு இதுதான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அந்த விசாவில், மனுச் செய்த முதலாளியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்து பணம் வாங்கக் கூடாது. "சின்னத் தொகைதானே, நன்றிக்காகத்தானே" என்பது குடியுரிமைத் துறையிடம் எடுபடாது. ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். மதிப்பூதியம் வேண்டாம், பயணச் செலவு மட்டும் போதும் என்று எழுதிக் கொடுப்பது சிலருக்கு வழியாகலாம். அதையும் வழக்கறிஞர் சொன்ன பிறகே செய்யுங்கள். கிரீன் கார்டு மனு நடந்துகொண்டிருக்கும்போது விளையாடிப் பார்க்கும் இடமல்ல இது.

பணம் வாங்கத் தகுதி உள்ளவர் வரிப் படிவத்தை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். எவ்வளவு சிறிய தொகையானாலும் அது வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும்.

தொடர்கல்வி நேரமாக இந்த வேலையை ஏற்பார்களா என்பது உங்கள் மாநில வாரியத்தின் விதியைப் பொறுத்தது. வேலை தொடங்குமுன் வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். முடிந்ததும் மணிக் கணக்கோடு ஒரு சான்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஒதுக்கீட்டை வாங்கியதும் எழுதத் தொடங்காதீர்கள்

விருப்பப்பட்ட தலைப்பில் எழுத முடியாது. தேர்வுக்கு ஒரு வரைபடம் உண்டு. எந்த விலங்கினம், எந்த நோய், எந்தத் திறன் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நாவ்லியில் நாயும் பூனையும் சேர்ந்து ஏறத்தாழ பாதி. உங்களுக்குச் சில கட்டங்கள் தருவார்கள். "பூனை, சிறுநீர்ப் பாதை அடைப்பு, சிகிச்சை" என்று வந்தால் சிகிச்சையைத்தான் கேட்க வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அழகான வினா எழுதினாலும் அது அந்தக் கட்டத்தில் உட்காராது, திரும்பி வரும். முதல் தொகுப்பு திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

ஒதுக்கீடு வந்த அன்றே, உங்களுக்குப் பரிச்சயமில்லாத கட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெடு நெருங்கும்போது கொடுத்தால் அதை எடுக்க ஆள் இருக்காது.

6. வினா எழுதுதல்

என்பிஎம்இ வெளியிட்டுள்ள வினா எழுதும் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வினாவில் வரும் குறைகள் பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். உருப்படியான வினாவுக்கு மூன்று பாகம்: கேஸ் விவரம், கேள்வி வரி, தெரிவுகள். கேஸ் விவரத்தில் வரிசை மாறக் கூடாது: வயது, பால், இனம், என்ன குறை, எத்தனை நாளாக, பரிசோதனையில் கண்டது, பிறகு ஆய்வக எண்கள்.

ஓர் உதாரணம். புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

"4 வயது ஆண் பூனை 2 நாளாகச் சிறுநீர் கழிக்க முக்குகிறது. சிகிச்சை எது? கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், ஐவி திரவம், சிறுநீர்க் குழாய் கேத்தீட்டர், அறுவை சிகிச்சை."

ஐந்துமே ஏதோ ஒரு கட்டத்தில் சரிதான். எழுதியவர் மனதில் ஒரு பூனை இருக்கிறது. தாளில் அது இல்லை. அந்தப் பூனையை முழுதாகத் தாளுக்குக் கொண்டு வாருங்கள்: ஆண்மை நீக்கியது, துவண்டு கிடக்கிறது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 90, உடல் வெப்பம் 35.8 டிகிரி செல்சியஸ், சிறுநீர்ப்பை கெட்டியாகப் பெரிதாக இருக்கிறது, அழுத்தினால் சிறுநீர் வரவில்லை. ரத்தப் பொட்டாசியம் லிட்டருக்கு 9.2 மில்லிமோல், இயல்பளவு 3.5 முதல் 5.5. ஈசிஜியில் பி அலை இல்லை, கியூஆர்எஸ் அகலமாக இருக்கிறது. கேள்வி வரி: "இதயத்தைப் பாதுகாக்க உடனடியாக ஐவி மூலம் கொடுக்க வேண்டிய மருந்து எது?"

இப்போது தெரிவுகளை மூடிவிட்டுப் படியுங்கள். விடை தானாக வருகிறதா? கால்சியம் குளுக்கோனேட். தெரிவைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாத வினா இன்னும் முடியாத வினா.

அடுத்தது தவறான தெரிவுகள். விடை தெரியாதவர் எந்த வழியில் தவறுவார் என்று யோசித்து எழுத வேண்டும். துடிப்பு குறைவு என்பதை மட்டும் பார்த்தவர் அட்ரோபின் என்பார். சிறுநீர் வரவில்லை என்று நின்றுவிட்டவர் ஃபுரோசமைட் என்பார். அகன்ற கியூஆர்எஸ்ஸைக் கீழறைத் துடிப்பு என்று படித்தவர் லிடோகெயின் என்பார். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதனால் அவை வேலை செய்யும். நான்காவதாக டெக்ஸாமெத்தசோன் போட்டால் யாரும் தொட மாட்டார்கள், இடத்தை அடைப்பதோடு சரி. இன்சுலினை ஏன் எடுத்தோம்? இன்சுலின் பொட்டாசியத்தை இறக்கும், கால்சியம் குளுக்கோனேட் அதை இறக்காது. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் மறுஆய்வுக் குழுவில் ஒருவர் கட்டாயம் வாதாடுவார். வாதத்துக்கு இடமுள்ள தெரிவு, சொல்பவர் பக்கம் நியாயம் இல்லாவிட்டாலும், வினாவைக் கொல்லும்.

தெரிவுகள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். நான்கு மருந்துக்கு நடுவே ஓர் அறுவை சிகிச்சை வந்தால் கண் அங்கே போகும். சரியான விடையை மட்டும் நீளமாக, நிபந்தனையோடு எழுதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தேர்வு எழுதிப் பழகியவர் பாடம் தெரியாமலே அதைப் பிடித்துவிடுவார். "எப்போதும்", "ஒருபோதும்" என்று வரும் தெரிவுகளை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. "மேற்கண்ட அனைத்தும்" வேண்டாம். "பின்வருவனவற்றுள் எது தவறு" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் பல்கலைக்கழகத் தாள்களில் பழகிய கைக்கு இது தானாக வரும், கவனமாக இருங்கள்.

மருந்துக்கு வணிகப் பெயர் போடாதீர்கள். இரு நாட்டவரும் எழுதும் தேர்வு இது, கனடாவில் பிரெஞ்சிலும் எழுதுகிறார்கள். சொற்சிலேடையும் அமெரிக்கப் பேச்சுவழக்கும் மொழிபெயர்ப்பில் விழுந்துவிடும். அளவுகளுக்கு இரு நாட்டு அலகுகளையும் தாருங்கள்.

ஒவ்வொரு வினாவோடும் விடை ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்ற விளக்கமும், பரவலாகப் பயன்படும் பாடநூல் மேற்கோள் ஒன்றும் பக்க எண்ணோடு வேண்டும். நேற்று வந்த ஆய்விதழ்க் கட்டுரை மட்டும்தான் ஆதாரம் என்றால் அந்த வினாவைக் கைவிடுங்கள்.

நேரக் கணக்கு: முதல் பத்து வினாக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியபின் அது முக்கால் மணி நேரமாகக் குறையும். கேஸை யோசிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தை விழுங்குவது மூன்றாவது, நான்காவது தவறான தெரிவைத் தேடுவதுதான்.

7. ஊர் அனுபவம் உதவும் இடமும் காலை வாரும் இடமும்

நாமக்கல் கோழிப் பண்ணைகளிலோ ஆவின் சங்க மாடுகளிலோ கைபழகி வந்தவரிடம் இங்கே பலருக்கு இல்லாத கண் இருக்கிறது. ஆனால் விடைகள் மாறும். கோமாரி நமக்கு மருந்து போட்டுப் பார்க்கும் நோய். அமெரிக்காவில் 1929க்குப் பிறகும், கனடாவில் 1952க்குப் பிறகும் அது இல்லை. இந்த நாடுகளில் ஒரு மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டால் சரியான விடை, எதையும் வெளியே நகர்த்தாமல் அரசுக் கால்நடை அதிகாரிக்கு உடனே தகவல் சொல்வது. கோமாரியையும் கொப்புள வாய்நோயையும் மாட்டில் பார்வையால் பிரித்தறிய முடியாது என்பதால் "எது நோய்" என்று கேட்பதே தவறான வினா.

மருந்திலும் அப்படித்தான். மடி நோய்க்கு என்ரோஃப்ளாக்சசின் ஊசி ஊரில் கை தானாக எடுக்கும் மருந்து. அது ஃபுளோரோகுவினலோன் வகை மருந்து. அமெரிக்காவில் உணவு விலங்குகளுக்கு அந்த வகை மருந்துகளை லேபிளில் சொன்னதற்கு மாறாகக் கொடுப்பதை, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ தடை செய்திருக்கிறது. 20 மாதத்துக்கு மேற்பட்ட கறவை இன மாட்டுக்கு ஃபீனைல்பியூட்டசோனும் கூடாது. இவை நல்ல வினாப்பொருள்தான். ஆனால் அமெரிக்கச் சட்டம். இரு நாட்டுக்கும் ஒரே விடை பொருந்துமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள். ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரிய விதியைத் தொடவே வேண்டாம், அதற்கு மாநிலத் தேர்வுகள் இருக்கின்றன.

8. படங்கள்

எக்ஸ்ரே, தோல் புண், ரத்தத் தடவல் படங்களுக்கு எப்போதும் பஞ்சம். சொந்தமாக எடுத்தது மட்டும் செல்லும். பாடநூல் படத்தையோ இணையப் படத்தையோ வெட்டி ஒட்டியது தெரிந்தால் மொத்தத் தொகுப்பையும் சந்தேகிப்பார்கள். கிளினிக் உரிமையாளரிடமும் விலங்கின் உரிமையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எக்ஸ்ரே கோப்பின் உள்விவரத்தில் பெயர் நீக்கினாலும் படத்தின் மூலையில் அச்சான பெயர் அப்படியே நிற்கும், பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பேசியால் திரையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள், மூலக் கோப்பையே கேட்பார்கள். இடது வலது குறி இல்லாத படமும் திரும்பி வரும்.

9. ரகசியம்: நடைமுறையில் என்ன பொருள்

கொடுத்த தளத்துக்குள்ளேயே எழுதுங்கள். கூகுள் டிரைவ், சொந்த மின்னஞ்சல், கிளினிக்கின் பொதுக் கணினி எதுவும் வேண்டாம். இலக்கணம் பார்க்க என்று வினாவைச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளில் ஒட்டுவதும் வெளியே கொடுத்ததற்குச் சமம். அச்செடுத்த காகிதத்தை அரைத்துவிடுங்கள்.

10. மறுஆய்வுக் கூட்டம்

உங்கள் வினா திரையில் விழும். எழுதியவர் யார் என்று சொல்லாமலும் இருக்கலாம். விளக்கம் கொடுக்க வாய் துடிக்கும், கொடுக்காதீர்கள். "நான் சொல்ல வந்தது..." என்று தொடங்க வேண்டியிருந்தால் அந்த விஷயம் தாளில் இல்லை என்று பொருள். தேர்வறையில் பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லப்போவதில்லை.

சிறப்பு மருத்துவர்கள் உள்ள குழுவில் வேறொரு சிக்கல். அரிதான நோயின் நுணுக்கத்தைக் கேட்க ஆசைப்படுவார்கள். பொது மருத்துவராக நீங்கள் அங்கே கேட்க வேண்டியது: "முதல் மாதம் வேலை பார்ப்பவருக்கு இது தெரியாவிட்டால் விலங்குக்கோ மனிதருக்கோ கேடு வருமா?" இல்லை என்றால் வெட்டச் சொல்லுங்கள், தயங்காமல்.

11. வினா உயிர்பெறும் காலமும் எண்களும்

ஏற்றுக்கொண்ட வினா உடனே மதிப்பெண்ணில் சேராது. நாவ்லியின் 360 வினாக்களில் 60 முன்னோட்ட வினாக்கள், எழுதுபவருக்கு எவை என்று தெரியாது. விடிஎன்இயில் 170ல் 20. எழுதியதிலிருந்து மதிப்பெண்ணில் சேர ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம்.

முன்னோட்டத்தில் இரண்டு எண்கள் பார்ப்பார்கள். எத்தனை பேர் சரியாக விடையளித்தார்கள் என்பது ஒன்று. மொத்தத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் இந்த வினாவையும் சரியாகச் செய்தார்களா என்பது மற்றொன்று, இதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, மேல்தட்டில் 40 சதவீதமும் கீழ்த்தட்டில் 60 சதவீதமும் சரி என்றால் இரண்டிலொன்று: சரியான விடை என்று குறித்து வைத்ததே தவறு, அல்லது நன்றாகப் படித்தவருக்கு மட்டும் தெரியும் ஒரு விதிவிலக்கு இன்னொரு தெரிவையும் சரியாக்குகிறது. கடினமான வினா என்று பெருமைப்பட வேண்டாம், அது உடைந்த வினா.

12. தேர்ச்சி மதிப்பெண் குழுவுக்கு அழைத்தால்

இங்கே பரவலாகப் பயன்படுவது ஆங்காஃப் முறை. தேறுவதற்கு விளிம்பில் நிற்கும் நூறு மருத்துவர்களை மனதில் நிறுத்தி, ஒவ்வொரு வினாவையும் அவர்களில் எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் எல்லோர் மதிப்பீட்டின் சராசரியை நூறால் வகுத்து, அவற்றைக் கூட்டினால் பரிந்துரைக்கும் எல்லை வரும். பத்து வினாவுக்கு இப்படிக் கூட்டியது 6.8 என்றால் எல்லை பத்துக்கு 6.8. நாவ்லியில் தேர்ச்சி 425 என்று பார்ப்பது 200 முதல் 800 வரையிலான அளவுகோலுக்கு மாற்றிய எண், அது சதவீதமல்ல.

முதல் சுற்றில் பெரும்பாலோர் தங்கள் கிளினிக்கின் சிறந்த புதுமுகத்தை நினைத்து 85, 90 என்று போடுவார்கள். பிறகு உண்மையான தேர்வு எண்களைக் காட்டுவார்கள், இரண்டாம் சுற்று நடக்கும். அப்போது உங்கள் மருத்துவக் காரணம் மாறியிருந்தால் மட்டும் எண்ணை மாற்றுங்கள். குரல் உயர்ந்தவர் பக்கம் சாய்வதற்காக மாற்றினால் பத்துப் பேரைக் கூப்பிட்டதில் பயனில்லை.

கூட்டம் முடிந்ததும் குறிப்புத் தாள்கள் அனைத்தையும் மேசையிலேயே ஒப்படையுங்கள். டாக்ஸி, விமான நிலையப் பார்க்கிங், சாப்பாட்டு ரசீதுகளை அன்றிரவே படமெடுத்து வையுங்கள். செலவுப் படிவத்துக்கும் கெடு உண்டு. அது பெரும்பாலும் அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.